நாள் தள்ளிப் போவதும் முழுகாமல் இருப்பதும்

"கடைசியா எப்பம்மா குளிச்ச?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி இது. புதிதாகக் கல்யாணமான பெண் யாராவது "இன்னைக்குக் காலையிலதான் சிஸ்டர்" என்று சொல்லிவிட, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் உண்டு. நர்ஸ் கேட்டது அந்தக் குளியலை இல்லை. மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட குளியலை.

அந்தக் குளியல் நடக்காமல் போனால் அதற்குத் தமிழில் ஒரே பொருள்தான். "அவ முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பமாக இருக்கிறாள். "நாள் தள்ளிப் போயிருக்கு" என்றாலும் அதேதான். கல்யாணமானவள் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்து "விசேஷமா?" என்பார். கல்யாணமாகாதவள் அதைச் சொல்லக்கூட ஆள் கிடைக்காமல் ராத்திரி ஒரு மணிக்குப் போனில் தேடிக்கொண்டிருப்பாள். பல வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருப்பவள் நான்கு நாள் தள்ளியதும் மனசுக்குள் பெயர் வைக்கத் தொடங்கி, ஐந்தாம் நாள் பாத்ரூமில் அழுவாள். மூன்று பேரும் நம்புவது ஒரே சமன்பாட்டை: தள்ளிப் போனால் கர்ப்பம்.

அந்தச் சமன்பாடு பாதிதான் சரி. விலக்கு தள்ளிப் போவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த வாரத்தில் இருப்பதில்லை, இரண்டு வாரம் முன்னால் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாக அவிழும்.

1920களில் ஜப்பானில் கியூசாக்கு ஒகினோ, ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமலே, கிட்டத்தட்ட ஒரே முடிவுக்கு வந்தார்கள். கருமுட்டை வெளிவரும் நாளை முந்தைய விலக்கிலிருந்து எண்ணக் கூடாது, அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முட்டை வெளியேறிய பிறகு அது இருந்த இடம் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையின் உள்பூச்சைத் தாங்கி நிற்கிறது. கரு தங்கவில்லை என்றால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு நின்றுவிடும், பூச்சு உதிரும். அதுதான் விலக்கு. இந்தப் பின்பாதி ஒரு பெண்ணுக்கு மாதா மாதம் பெரிதாக மாறாது. பலருக்கு 12 முதல் 14 நாள், சிலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மாறுவது முன்பாதி, அதாவது முட்டை முதிர்ந்து வெளிவர எடுத்துக்கொள்ளும் காலம். அதற்குப் பத்து நாளும் ஆகலாம், இருபத்தைந்து நாளும் ஆகலாம்.

ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவளுக்கு விலக்கு ஜூன் 3 அன்று வருகிறது. வழக்கமாக 28 நாள், ஆகவே அடுத்தது ஜூலை 1. அப்படியானால் முட்டை ஜூன் 17 வாக்கில் வெளிவந்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை ஜூன் 10 முதல் ஒரு வாரம் டெங்கு காய்ச்சல். உடம்பு அந்த வேலையை ஒத்திப்போட்டது, முட்டை ஜூன் 27 அன்றுதான் வந்தது. அங்கிருந்து 14 நாள் எண்ணினால் ஜூலை 11. காலண்டர்படி பத்து நாள் தாமதம். உடம்பின் கணக்கில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

இப்போது இதே பெண் ஜூன் 12 அன்று பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டிருந்தாள் என்று வைப்போம். விந்தணு பெண்ணின் உடலுக்குள் அதிகபட்சம் ஐந்து நாள் உயிரோடிருக்கும். 17ஆம் தேதியோடு கதை முடிந்தது. 27ஆம் தேதி வந்த முட்டைக்காகக் காத்திருக்க அங்கே எதுவும் இல்லை. ஜூலை முதல் வாரம் முழுக்க அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள், ஆனால் கர்ப்பத்துக்கு வழியே இல்லை. அவளைப் பயமுறுத்திய அந்தத் தாமதமே அவளைக் காப்பாற்றியும் இருக்கிறது.

ஜூன் 12 இல்லை, 24 என்று வைத்தால் கதை தலைகீழ். 24 என்பது சுழற்சியின் இருபத்திரண்டாம் நாள். "அது சேஃப் பீரியட்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் மூன்று நாள் கழித்து முட்டை வருகிறது, விந்தணு காத்திருக்கிறது. இன்னும் ஒரு சிக்கல்: பயந்துபோய் அவள் ஜூலை 2 அன்று கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கிப் பார்த்தால் ஒரு கோடுதான் வரும். ஏனென்றால் கரு கருப்பையில் ஒட்டிக்கொள்வதே முட்டை வந்து எட்டிலிருந்து பத்து நாள் கழித்து, அதாவது ஜூலை 5க்கும் 7க்கும் இடையில். ஒட்டிய பிறகுதான் கிட் கண்டுபிடிக்கும் ஹார்மோன் சுரக்கவே ஆரம்பிக்கும். 'நாள் தள்ளியும் நெகட்டிவ்தான், அப்பாடா' என்று விட்டுவிட்டவள் மூன்று வாரம் கழித்து வாந்தியோடு வருவது இப்படித்தான்.

ஆக, விலக்கு எத்தனை நாள் தள்ளியது என்பதைவிட, கடைசியாக உறவு கொண்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் நம்பகமான கணக்கு. விந்தணு காத்திருக்கும் ஐந்து நாள், கரு ஒட்ட அதிகபட்சம் ஆகும் பத்துப் பன்னிரண்டு நாள், ஹார்மோன் சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஏற இரண்டு மூன்று நாள். கூட்டினால் மூன்று வாரத்துக்குள் வந்துவிடும். கடைசிப் பாதுகாப்பற்ற உறவிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அதை நம்பலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தக் கூட்டலை வைத்துத்தான். சுழற்சி ஒழுங்காக இருப்பவர்களுக்கு விலக்கு வர வேண்டிய நாளிலேயே டெஸ்ட் செய்யலாம். ஒழுங்கில்லாதவர்களுக்கு 'வர வேண்டிய நாள்' என்று ஒன்று இல்லையே, அவர்களுக்குத்தான் இந்த 21.

சரி, 28 நாள் என்பது எங்கிருந்து வந்தது? பாடப் புத்தகத்திலிருந்து. 2019ல் ஒரு செயலியில் பதிவான ஆறு லட்சத்துக்கும் அதிகமான சுழற்சிகளை ஆராய்ந்தபோது சராசரி 29.3 நாள் என்று வந்தது. துல்லியமாக 28 நாளில் முடிந்தவை 13 சதவீதம் மட்டுமே. ஒரே பெண்ணுக்கு இந்த மாதம் 27, அடுத்த மாதம் 33 என்று இருப்பது நோய் இல்லை. வயதுக்கு வந்த முதல் சில வருஷங்களிலும் நாற்பதைத் தாண்டிய பிறகும் இந்த ஆட்டம் இன்னும் அதிகம். போனில் இருக்கும் செயலி 'உங்கள் பீரியட் 4 நாள் தாமதம்' என்று சிவப்பில் காட்டும். அதற்குத் தெரிந்ததெல்லாம் போன மாதங்களின் சராசரி. உங்கள் முட்டை என்றைக்கு வந்தது என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஆலன் வில்காக்ஸ் குழு இதைத்தான் பொறுமையாக அளந்து பார்த்தது. குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து, முட்டை வந்த நாளைக் கணித்து, உறவு கொண்ட நாட்களோடு ஒப்பிட்டது. 1995ல் வெளியான முடிவு: கரு தங்கியதெல்லாம் முட்டை வந்த நாளிலும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களிலும் நடந்த உறவால்தான். முட்டை வந்த மறுநாள் உறவு கொண்டவர்களுக்குத் தங்கவில்லை. அந்த ஆறு நாளில் முதல் நாள் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று, கடைசி நாள் மூன்றில் ஒன்று. நாள் பார்க்காமல் ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு தடவை என்றால் சராசரி வாய்ப்பு 3 சதவீதம் என்று அதே குழு பிறகு கணக்கிட்டது. பயந்துகொண்டிருப்பவர்கள் நினைப்பதைவிட இது குறைவு. ஆனால் இந்த 3 சதவீதத்தை அப்படியே தலையணைக்கடியில் வைத்துத் தூங்கவும் முடியாது. அந்த ஒரு நாள் அந்த ஆறில் ஒன்றாக இருந்துவிட்டால் அது 3 இல்லை, 10 முதல் 33 வரை. எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஜோடிகளில் நூற்றுக்கு 85 பேர் ஒரு வருஷத்துக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள்.

இதே குழு 2000ல் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுழற்சியின் பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாளுக்குள் அந்த ஆறு நாளும் முழுசாக அடங்கியவர்கள் பத்தில் மூன்று பேர்தான். நடுவில் அந்த நாட்களைத் தவிர்த்தால் போதும் என்று நம் ஊரில் கல்யாணத்துக்கு முன் அக்காவோ சித்தியோ காதோடு காதாகச் சொல்லும் 'சேஃப் டேஸ்' கணக்கு மீதி ஏழு பேரிடம் எப்படிப் பலித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முட்டையைத் தாமதப்படுத்துபவை பல. காய்ச்சல், ஆபரேஷன், சட்டென்று எடை குறைவது, சட்டென்று கூடுவது, மாரத்தானுக்குப் பயிற்சி, இரவு ஷிப்ட், பரீட்சை, வீட்டில் ஒரு சாவு. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி கருப்பைக்கு நேரடியாக எதுவும் சொல்வதில்லை. சிறு சிறு துடிப்பாக ஹார்மோன் அனுப்பி, பிட்யூட்டரி சுரப்பி வழியாக, முட்டை முதிரும் சூலகத்தை நடத்துகிறது. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது அந்தத் துடிப்பு மந்தமாகும், முட்டை காத்திருக்கும்.

இங்கே ஒரு திருத்தம். "ரொம்பக் கவலைப்படாதே, கவலைப்பட்டால் இன்னும் தள்ளிப் போகும்" என்று தோழிகள் சொல்வார்கள். முட்டை வருவதற்கு முந்தைய கவலை தள்ளிப்போடும், சரி. முட்டை வந்த பிறகு நாள் எண்ணிக்கொண்டு படும் கவலைக்கு அந்தச் சக்தி அநேகமாக இல்லை. கடிகாரம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. விலக்கு தள்ளிய பிறகு கவலைப்பட்டதற்காகத் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம்.

மருந்தால் தள்ளிப் போவதும் உண்டு. அதைப் பலர் மருத்துவரிடம் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். குலதெய்வக் கோயில் படையல், கிரகப்பிரவேசம், நாத்தனார் கல்யாணம் என்றால் 'தள்ளிப்போடும் மாத்திரை' வாங்கிப் போடாத வீடு குறைவு. நாரெதிஸ்டிரோன் என்ற அந்த மாத்திரை செய்வது இவ்வளவுதான்: வெளியிலிருந்து புரொஜெஸ்ட்ரோன் வேலையைச் செய்து பூச்சை உதிர விடாமல் பிடித்து வைக்கிறது. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிட வேண்டும். விலக்கைத் தள்ளிப்போட மட்டும் அப்படிச் சாப்பிடும் மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. நிறுத்தி ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் விசேஷ வீட்டுக் களைப்பு என்று விடாமல் டெஸ்ட் செய்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் 'அந்தரா' கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு விலக்கு தாறுமாறாகி, பிறகு நின்றே போவது சகஜம். அது மருந்தின் வேலை, கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதில்லை. 'சாயா' கருத்தடை மாத்திரை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை. அதிலும் சிலருக்குச் சுழற்சி நீளும். இதை முன்னாலேயே சொல்லிக் கொடுக்காததால் முதல் தடவை தள்ளியதும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு, நிறுத்தியதால் கர்ப்பமானவர்கள் இருக்கிறார்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரை இன்னொரு ரகம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருவைக் கலைப்பதில்லை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை தள்ளினால் விலக்கும் தள்ளும், கணக்கு அதேதான். பயத்தைப் போக்கச் சாப்பிட்ட மாத்திரையே பத்து நாள் கழித்து அடுத்த பயத்தைக் கொண்டுவருவதன் காரணம் இதுதான். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் டெஸ்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் இந்த மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சட்டப்படி இதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் கேட்டால் "அது வர்றதில்லம்மா" என்று பதில் வரும், கூடவே ஒரு பார்வையும். ஐந்து நாளுக்குள், கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டால் அது மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்யும் என்பது இன்னும் குறைவான பேருக்குத் தெரியும்.

இனி, எது ஆபத்து, எது இல்லை என்ற கேள்வி. விந்து பெண்ணுறுப்புக்குள் அல்லது அதன் வாசலில் பட்டால்தான் பேச்சே. உடைக்கு மேல் உரசியது, முத்தமிட்டது, ஒரே டவலை, ஒரே டாய்லெட்டை உபயோகித்தது, நீச்சல் குளத்தில் இறங்கியது ஆகிய எதிலும் கர்ப்பம் வராது. துணியில் காய்ந்த விந்தில் உயிர் இல்லை. படித்த, வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இந்தக் கேள்விகளோடு தூங்காமல் இருக்கிறார்கள். பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று டீச்சர் பக்கத்தைத் தள்ளியதன் பலன்.

மறுபக்கம், ஆபத்தில்லை என்று நம்பப்படும் ஒன்று உண்மையில் ஆபத்தானது: கடைசி நேரத்தில் வெளியே எடுத்துவிடுவது. எப்போதும் தவறாமல் செய்தாலே வருஷத்துக்கு நூற்றில் நான்கு பேருக்குத் தவறும். நிஜ வாழ்க்கையில் செய்கிற மாதிரி செய்தால் ஐந்தில் ஒருவருக்கு. ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு தடவையும் போட்டால் நூற்றில் இரண்டு. பாதியில் போடுவது, கிழிந்ததைக் கவனிக்காமல் விடுவது எல்லாம் சேர்ந்தால் பதின்மூன்று. ஆணுறை கிழியாமல், கழன்றுவிடாமல் இருந்த பிறகும் ஒருத்தி நாள் தள்ளிப் பயப்படுகிறாள் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காய்ச்சலையும் பரீட்சையையும்தான்.

குழந்தை பெற்றவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுகிறார்கள். "இன்னும் குளிக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள எப்படி?" என்று கேட்பார்கள். முட்டை முதலில், விலக்கு அதற்கு இரண்டு வாரம் பின்னால் என்றால், பிரசவத்துக்குப் பின் வரும் முதல் முட்டையே கருவாகிவிட்டால் நடுவில் விலக்கு என்று ஒன்று வரவே வராது. பால் கொடுப்பது பாதுகாப்புதான், ஆனால் மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. செரிலாக் ஆரம்பித்த வீட்டில் இந்தக் காப்பு செல்லாது.

டெஸ்ட் பற்றிச் சில வார்த்தை. பழைய படங்களில் நாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு "கங்கிராஜுலேஷன்ஸ்" என்பார். நாடியில் கர்ப்பம் தெரியாது. வாந்தி, மார்பு வலி, களைப்பு, அடிக்கடி அழுகை, இவற்றில் பல விலக்குக்கு முந்தைய வாரத்திலும் அப்படியே வரும். இரண்டுக்கும் காரணம் ஒரே புரொஜெஸ்ட்ரோன். உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அறிகுறி தேடுவதால் பயம் வளருமே தவிர விடை வராது.

விடை வருவது எச்சிஜி என்ற ஹார்மோனிலிருந்து. கரு ஒட்டிக்கொண்ட பிறகு சுரக்க ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 1930களில் இதைக் கண்டுபிடிக்கப் பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசி போட்டு, அது முட்டையிடுகிறதா என்று பார்த்தார்கள். வீட்டிலேயே பார்க்கலாம் என்ற யோசனை 1967ல் மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளருடையது. ஒரு மருந்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், ஆய்வகத்தில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்து 'இதைப் பெண்களே செய்துகொள்ளலாமே' என்று நினைத்தார். அமெரிக்கக் கடைகளுக்கு அது வந்து சேரப் பத்து வருஷம் ஆயிற்று. இன்று நம் மருந்துக் கடையில் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த டெஸ்ட் இலவசம்.

அட்டையின் குழியில் இரண்டு மூன்று சொட்டு, ஐந்து நிமிஷம். 'சி' பக்கம் கோடு வராவிட்டால் அட்டை கெட்டுப்போனது, முடிவே இல்லை. 'டி' பக்கம் எவ்வளவு மங்கலாக வந்தாலும் சொன்ன நேரத்துக்குள் வந்தால் அது பாசிட்டிவ். அரைமணி கழித்துக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் சாம்பல் நிறக் கீற்று சிறுநீர் காய்ந்த தடம், அதை எண்ணக் கூடாது. காலை முதல் சிறுநீர் என்று சொல்வது அது கெட்டியாக இருக்கும் என்பதால். சந்தேகத்தில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்துவிட்டு டெஸ்ட் செய்வது தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் ஆப்பு.

மங்கலான கோடு வந்து, நான்கு நாளில் விலக்கும் வந்துவிடுவது உண்டு. 1988ல் வில்காக்ஸ் குழு கண்டது, ஒட்டிய கருக்களில் சுமார் 22 சதவீதம் கர்ப்பம் என்று தெரியவரும் முன்பே கலைந்துவிடுகின்றன. முன்காலத்தில் அது 'இந்த மாசம் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் அதிகமாப் போச்சு' என்பதோடு முடிந்திருக்கும். கிட் வந்த பிறகு அதற்கு ஒரு துக்கமும் வந்திருக்கிறது. மாடி ஏறியதால், வண்டி ஓட்டியதால் என்று மாமியார் சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பெரும்பாலும் குரோமோசோம் கோளாறு, யார் தப்பும் இல்லை.

பப்பாளி, எள்ளுருண்டை, அன்னாசி, கருஞ்சீரகக் கஷாயம். நாள் தள்ளியதும் சமையலறையில் நடக்கும் வைத்தியம். எள்ளுருண்டை சாப்பிட்ட மறுநாளே வந்துவிட்டது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஜூன் 27 முட்டை வந்தவளுக்கு ஜூலை 11 விலக்கு. அவள் பத்தாம் தேதி எதைச் சாப்பிட்டாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். பச்சைப் பப்பாளியின் பால் எலிகளின் கருப்பையைச் சுருங்க வைத்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது கருக்கலைப்பு முறையல்ல. நிஜமாகவே கர்ப்பமாக இருந்தால் இந்தப் பத்து நாள் வைத்தியத்தில் போவது நேரம்தான்.

டெஸ்ட் மறுபடி மறுபடி நெகட்டிவ், ஆனால் மூன்று மாதமாக விலக்கு இல்லை என்றால் கேள்வி மாறிவிடுகிறது. தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின் ஹார்மோன், சூலக நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ், சில மனநல மருந்துகள் என்று மருத்துவர் வரிசையாகப் பார்ப்பார். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'எனக்கு முட்டையே வராது' என்று நினைத்துப் பாதுகாப்பை விடுபவர்கள் நிறைய. வராது என்று இல்லை, என்றைக்கு வரும் என்று தெரியாது. அது இன்னும் மோசம்.

டெஸ்ட் பாசிட்டிவ் வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, ரத்தக்கசிவு என்று எதுவும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் ஒட்டியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, 108ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. மருந்துக் கடையில் ரகசியமாக வாங்கும் கலைப்பு மாத்திரையில் உள்ள பெரிய அபாயமும் இங்கேதான். குழாயில் இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது, ஆனால் ரத்தம் வரும், 'போய்விட்டது' என்று நம்ப வைக்கும்.

அந்த ரகசியத்துக்குச் சட்டத்தில் அவசியமும் இல்லை. 1971ல் வந்து 2021ல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். கருத்தடை தவறியது என்பது போதிய காரணம். திருத்தத்துக்கு முன் அங்கே 'திருமணமான பெண், கணவர்' என்று இருந்தது, இப்போது 'பெண், அவளுடைய துணை'. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரை அனுமதிக்கும் பிரிவிலிருந்தும் கல்யாணமாகாதவர்களை விலக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பதினெட்டு நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவன் கையெழுத்து, அப்பா கையெழுத்து எதுவும் வேண்டாம். அவள் பெயரை வெளியே சொல்வது குற்றம். ஆனாலும் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. அப்படி அனுப்பப்பட்டவள் போய் நிற்பது அந்த மருந்துக் கடையில்தான்.

கர்ப்பம் வேண்டும் என்று காத்திருந்த வீட்டிலும் தேதிக் கணக்கு ஒரு கடைசிக் குழப்பத்தை வைத்திருக்கிறது. மருத்துவத்தில் கர்ப்பத்தின் வாரங்களை எண்ணுவது உறவு கொண்ட நாளிலிருந்து இல்லை, கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து. அந்த முதல் இரண்டு வாரம் வயிற்றில் எதுவுமே இருக்காது. கவனியுங்கள், விலக்கு ஆன முதல் நாள். குளித்த நாள் இல்லை. நர்ஸ் "எப்பக் குளிச்ச" என்று கேட்க, இவள் நிஜமாகவே தலைக்கு ஊற்றிய ஐந்தாம் நாளைச் சொல்ல, பிரசவத் தேதியே நான்கு நாள் நகர்ந்துவிடும்.

நம் ஜூன் 3 பெண்ணே கர்ப்பமானாள் என்றால், ஆகஸ்ட் 5 அன்று காலண்டர்படி அவளுக்கு 9 வாரம். ஸ்கேனில் 7 வாரம் 4 நாள் என்றுதான் வரும். "வளர்ச்சி கம்மியா இருக்கே" என்று வீட்டில் கலங்குவார்கள். கரு சரியாகத்தான் இருக்கிறது. முட்டை பத்து நாள் தாமதமாக வந்ததை ஸ்கேன் இப்போது காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவுதான். அதனால்தான் ஆரம்ப ஸ்கேன் காட்டும் தேதியை வைத்து மருத்துவர் பிரசவத் தேதியைத் திருத்தி எழுதுகிறார்.

வேறொரு வீட்டில் இதே கணக்கு நெருப்பாகும். கணவன் துபாயில். மனைவிக்குக் கடைசி விலக்கு மே 10. அவர் லீவில் வந்து இறங்கியது மே 20. ஜூன் 14 அன்று ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதித் தருகிறார்கள்: 5 வாரக் கர்ப்பம். வீட்டுக்கு வந்த சீட்டை யாரோ விரல் விட்டு எண்ணுகிறார்கள். வந்து மூன்றரை வாரம்தானே ஆகிறது? அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. சீட்டிலும் தப்பில்லை, ஐந்து வாரம் என்பது மே 10லிருந்து எண்ணியது. அந்தச் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே, "இதில் முதல் ரெண்டு வாரம் சும்மா கணக்குக்கு, நீங்க சேர்ந்திருந்தது அதுக்கு அப்புறம்தான்" என்று கணவன் காதில் விழும்படி டாக்டர் ஒரு வரி சொல்லிவிடலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது.